எட்டு கூட்டிக் காட்டிய முள்

பழுதுபார்க்கும் கூடத்துக்கும் பழைய டயர் அறைக்கும் இடையே, பத்தடிக்குப் பத்தடி அறையில், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியும் மறு கண்ணில் புன்னகையுமாய், முப்பத்துமூன்று ஆண்டுகள் முதுகு வளைத்து, எங்கள் பேருந்துகளின் வேகமானிகளைப் பிரித்துத் துடைத்துப் பூட்டித் தந்த பெருந்தகையே! மீட்டர் அறையின் மாமணியே! இந்தப் பணிமனையின் ஓட்டுநர் அனைவரும் உரிமையோடும் உவகையோடும் 'மீட்டர் அண்ணா' என்று அழைக்கும் எங்கள் மூத்தவரே! உள்ளதை உள்ளபடி காட்டிய உத்தமரே!

கடைசி வரியை நீக்கியிருக்க வேண்டும். மன்னியுங்கள். அது முதல் மடலில் இருந்த வரி. எழுதிப் பழகிய கை இங்கும் எழுதிவிட்டது. அவையோருக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணிநிறைவு விழாவுக்காக நாங்கள் ஏற்கெனவே ஒரு மடல் எழுதி, அச்சடித்து, கண்ணாடி போட்டுச் சட்டமும் அடித்து வைத்திருந்தோம். 'உண்மையின் உறைவிடமே', 'முள்முனையளவும் பிசகாத முழுமதியே', 'பொய்யறியாப் பொன்மனமே' என்று அதில் பன்னிரண்டு விளிகள். சென்ற செவ்வாய்க்கிழமை பகல் இரண்டரை மணிக்குப் பிறகு அந்தப் பன்னிரண்டில் ஒன்றையும் வாய்விட்டு வாசிக்க முடியாமல் போயிற்று. அந்த மடல் இப்போது ஓய்வறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. இது இரண்டாவது மடல். பன்னிரண்டாம் எண் வண்டியை ஓட்டும் என்னை, அறிவிப்புப் பலகையில் எதுகை மோனையோடு எழுதுகிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக, இதையும் எழுதச் சொன்னார்கள். எப்படி எழுதுவதென்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

பொறுமையின் பெருமலையே! செவ்வாயன்று பாலத்தைத் தாண்டியதும் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கைகாட்டி என் வண்டியை நிறுத்தினார். அவர் கையில் வேகம் அளக்கும் கருவி. பேருந்துக்கு அந்தச் சாலையில் அறுபதுதான் எல்லை. என் முள் சற்று முன் அறுபத்தெட்டைத் தொட்டதை நானே பார்த்திருந்தேன். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து, அவர் வாய் திறக்கும் முன்பே இறங்கி ஓடி, "சார், தப்புதான். அறுபத்தெட்டுல வந்துட்டேன். இந்த ஒரு தடவை விட்டுடுங்க" என்றேன். அவர் கருவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அம்பத்தொம்பதுதானேய்யா காட்டுது? பின்னாடி ஒரு லைட் எரியல. அதைச் சொல்லத்தான் நிறுத்தினேன்" என்றார். நான் விடவில்லை. "இல்ல சார், அறுபத்தெட்டு. நானே பாத்தேன்" என்றேன். அவர் தள்ளி நின்ற இன்னொரு காவலரைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருய்யா, மிஷின் சொல்றதுக்கு மேல போட்டுக் கேக்குற ஆளு" என்று என்னைக் காட்டினார். பயணிகள் சிரித்தார்கள். நான் விளக்கைச் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

திரும்பும் வழியில் என் நடத்துநர் அம்மா தன் கைப்பேசியில் வேகம் பார்த்தார். என் முள் அறுபது என்றபோது அவர் கைப்பேசி ஐம்பத்திரண்டு என்றது. மூன்று முறை பார்த்தோம், மூன்று முறையும் அதேதான். அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் தினமும் முன் இருக்கையில் வரும் ஒரு பெண்மணி, "என் ஃபோன்ல கம்மியா காட்டுதே?" என்று கேட்டார். "உங்க ஃபோனைக் கடையில குடுத்துப் பாருங்கம்மா. இது மீட்டர் அண்ணா கைபட்டது" என்று நான் பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மையார் ஃபோனையே மாற்றிவிட்டதாகக் கேள்வி. அவர் எங்கிருந்தாலும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கைத்திறன் மிக்க கருமவீரரே! அன்று இரண்டரை மணிக்கு நாங்கள் பதினொரு பேர் உங்கள் அறைக்குள் நுழைந்தோம். பத்தடி அறையில் பதினொரு ஓட்டுநர்கள் என்றால் எப்படியிருக்கும் என்று அவையோர் எண்ணிக்கொள்ளலாம். கோபத்தோடு வந்தவர்கள் முழங்கையை மடக்கக்கூட இடமில்லாமல் நின்றோம். நீங்கள் தலை நிமிரவில்லை. கையிலிருந்த சின்னத் திருகாணியை மட்டும் கீழே விழாமல் தட்டில் வைத்தீர்கள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன், "எட்டு. எல்லாத்துலயும் எட்டுதான். பத்தொம்பது வருஷத்துல ஒண்ணுலகூட ஏழு வெச்சதில்ல" என்றீர்கள். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் இவ்வளவு தொழில்பெருமையோடு பேசி நாங்கள் பார்த்ததில்லை. திட்ட வந்தவர்களில் ஒருவர், அண்ணா, "அது எப்படிண்ணா எல்லாத்துலயும் ஒரே மாதிரி வெச்சீங்க?" என்று கேட்டு, பக்கத்திலிருந்தவரிடம் இடி வாங்கினார்.

நீங்கள் விளக்கினீர்கள். முள்ளைப் பிடித்திருக்கும் சுருள்கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டால், வண்டி நிற்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கும். வேகம் ஏற ஏறப் பொய்யும் ஏறும். ஐம்பத்திரண்டில் போகும்போது அறுபதைக் காட்டும். சின்ன வேகத்துக்குச் சின்னப் பொய், பெரிய வேகத்துக்குப் பெரிய பொய். கிலோமீட்டர் எண்ணும் சக்கரத்தை நீங்கள் தொடவேயில்லை. ஆகவே டீசல் கணக்கிலும் டயர் கணக்கிலும் எதுவும் தெரியவில்லை. புது வண்டி வந்தாலும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் சாலைக்குப் போகும். ஆண்டுச் சோதனையில் முள் சரியாக ஆடுகிறதென்று கையெழுத்துப் போட வேண்டியவரும் நீங்களே. நெடுந்தடத்தில் இதனால் மூன்று, நான்கு நிமிடம் பிந்தும். அந்த நான்கு நிமிடத்தை நேரக்காப்பாளர் பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் தேநீரின் தலையில் எழுதிவந்தார். நாங்களும், குடித்த தேநீருக்கும் குடிக்காத தேநீருக்கும் சேர்த்து ஏச்சு வாங்கினோம். அவர் இப்போது மேடையின் ஓரத்தில் நின்று வேறு பக்கம் பார்க்கிறார்.

எங்கள் மானத்தை மறைத்தவரே! அல்லது வாங்கியவரே! எந்தச் சொல் சரியென்று தெரியாததால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளில் நாங்கள் அளந்த வீரக்கதைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். "எழுபதுல வந்து வளைவை ஒரே வெட்டுல எடுத்தேன்" என்று ஒருவர் தன் மாமனார் வீட்டில் சொல்லியே கல்யாணம் முடித்தார். இப்போது கணக்குப் போட்டால் அது அறுபத்தொன்று. தன்னை ராக்கெட் என்று அழைக்கச் சொல்லி எங்கள் எல்லோரையும் பழக்கிய ஐந்தாம் எண் வண்டி ஓட்டுநர், செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து நான்கு நாள் யாரோடும் பேசவில்லை. உரிமம் வாங்க எட்டுப் போட்டுக் காட்டியவர்கள் நாங்கள். அதன் பிறகும் உங்கள் எட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்ததும் எங்களுக்கு எரிச்சல் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்பதில் ஓய்வறையில் இன்னும் சண்டை ஓயவில்லை.

மேலாளர் அவர்களும் குழம்பினார்கள். "எழுத்துல குடுத்தா நான் நடவடிக்கை எடுத்தாகணும். யாராவது எழுத்துல குடுக்கறீங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்கள். பதினொரு பேரும் கூரையைப் பார்த்தோம். யாரும் எழுதித் தரவில்லை. இப்போது நான் எழுதி, அதைச் சட்டம் போட்டு, ஒலிபெருக்கியில் வேறு வாசித்துக்கொண்டிருக்கிறேன். மேலாளர் அவர்கள் இந்த மடலைச் செய்யுளாகக் கருதி மன்னிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்நாளெல்லாம் வாய் மூடியிருந்த வள்ளலே! நீங்கள் ஒருநாளும் எங்களுக்கு அறிவுரை சொன்னதில்லை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது எங்கள் வண்டிகளில்தான் ஏறுவீர்கள். பின்வரிசை ஜன்னல் ஓரம் உட்காருவீர்கள். முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறவர், ஒரு கையால் ஓட்டி மறு கையால் தலை சீவுகிறவர், மஞ்சள் விளக்கைக் கண்டால் இன்னும் அழுத்துகிறவர், பிரேக்கைக் கடைசி நொடியில் நினைத்துக்கொள்கிறவர் என்று எங்கள் எல்லோருடைய லட்சணமும் உங்களுக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னது நான். ஒருமுறை உங்களிடம், "என்னண்ணா, எங்க ஓட்டம் எப்படி?" என்று கேட்டேன். "ஆளைத் திருத்த எங்கிட்ட ஸ்க்ரூடிரைவர் இல்லப்பா" என்றீர்கள். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். ஆளைத் திருத்த முடியாதென்று முடிவு செய்துதான் முள்ளைத் திருத்தினீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இனி எழுதப்போவது பாராட்டு மடலில் வரக்கூடாதது. 'நாங்கள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நான்' என்று எழுதுகிறேன். சக ஓட்டுநர்கள் பொறுத்தருள வேண்டும்.

புதன்கிழமை காலை நான் கோபத்தோடு வண்டியை எடுத்தேன். சட்டம் எனக்குத் தந்த அறுபதை ஒருவர் பத்தொன்பது ஆண்டுகளாக ஒளித்து வைத்திருந்தார், இன்றைக்கு முழுசாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். முள்ளை அறுபத்தொன்பதுக்கு ஏற்றினேன். உண்மையில் அறுபது, ஒரு புள்ளிகூட மேலே இல்லை. சாலை காலியாக இருந்தது, வெயிலும் நன்றாக அடித்தது. தச்சுப் பட்டறைகள் இருக்கும் வளைவைத் திரும்பியதும், நேர் எதிரே என் வண்டி என்னை நோக்கி வந்தது.

குழப்பமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டாம் எண், என் வண்டியின் அதே முகம், கண்ணாடிக்குப் பின்னால் என் மீசை. ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்தபடி ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார் என்பது புரிய ஒரு நொடி ஆயிற்று. கண்ணாடி எங்கள் பக்கம் இருந்ததால் அவருக்கு என் வண்டி தெரியவில்லை. மிதித்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக இப்படி மிதித்த போதெல்லாம் வண்டி நின்ற பிறகு எனக்கு முன்னால் தாராளமாக இடம் இருக்கும். அது என் காலின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இந்த முறை வண்டி நிற்கவே மாட்டேன் என்றது. கண்ணாடிக்குள் என் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து, அதற்கும் எனக்கும் நடுவே ஒரே ஒரு எட்டு வைக்கிற தூரத்தில் நின்றது. அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, அதன் மேலாகத் தலையை நீட்டி, "என்னய்யா நீ! கண்ணாடி உடைஞ்சிருக்குமே!" என்று கத்தினார். அவருக்குக் கண்ணாடிதான் பெரிதாகத் தெரிந்தது. துடைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் இறங்கவில்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவும் இல்லை.

அன்று மாலை பணிமனைக்குத் திரும்பியபோது வாயில் காவலரிடம் கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டைப் பூட்டிவிட்டு என்னை மீட்டர் அறைக்கு அழைத்து வந்தார். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. அவரும் ஒரு காலத்தில் இங்கே ஓட்டுநர்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், அதே சாலையில், கழுத்தில் அளவுநாடாவோடு குறுக்கே வந்த ஒரு தையற்காரர் அவர் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். மோதிய அதிர்ச்சியில் முள் அறுபதில் சிக்கி நின்றுவிட்டது. அந்த வேகமானியைக் கழற்றி, சோதித்துச் சொல்லும்படி உங்களிடம்தான் கொண்டுவந்தார்கள். சோதித்தீர்கள். 'முள் சரி. பிழையில்லை' என்று எழுதிக் கொடுத்தீர்கள். எல்லைக்குள்தான் ஓட்டினார் என்று விசாரணையில் அவரை விடுவித்தார்கள். கூடவே இன்னொரு கணக்கும் அறிக்கையில் இருந்தது. வேகம் எட்டு குறைந்திருந்தால், ஏறக்குறைய ஒரு பேருந்து நீளத்துக்கு முன்னாலேயே வண்டி நின்றிருக்கும். தையற்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். விடுதலையான ஓட்டுநர் அதன் பிறகு வண்டிச் சாவியைத் தொடவில்லை. கேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சரியா காட்டி என்னப்பா புண்ணியம்?" என்று எங்களிடம் கேட்டீர்கள், அண்ணா. "முள்ளு சரின்னு எழுதிக் குடுத்த கை இது. அந்த வாரமே ஆரம்பிச்சேன். முதல்ல ஒரு வண்டில எட்டு வெச்சேன். யாரும் கண்டுபிடிக்கல. அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு." வாயில் காவலர் உங்கள் மேசை மேலிருந்த ஒரு வேகமானியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் கோபப்பட உரிமை அதிகம் என்று நான் காத்திருந்தேன். அவர் மெல்ல, "எனக்கு முன்னாடியே வெச்சிருக்கக் கூடாதாண்ணா?" என்று கேட்டார். நீங்கள் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தீர்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

ஆகவே, அன்பின் அண்ணா, நாங்கள் உங்களைப் பாராட்டுகிறோமா, பழிக்கிறோமா? இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் எங்கள் பணிமனை வண்டியால் ஒரு உயிரும் போகவில்லை. அது உங்கள் எட்டினாலா? இடையில் வேகத்தடை போட்டார்கள், பிரேக்கு மாறிற்று, பள்ளியின் முன்னால் சிக்னலும் வந்தது. எது காத்தது என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொய் சொன்னவரைப் புகழ்ந்தால் நாளைக்கு யார் எந்த அளவையைத் திருத்துவார்களோ என்று மேலாளரும் கேட்கிறார்கள். அறுபதில் நான் சட்டத்துக்குள்தான் இருந்தேன், ஆனாலும் அந்தக் கண்ணாடிக்காரரைக் கொன்றிருப்பேன் என்பது ஒன்றுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

வரும் ஒன்றாம் தேதி முதல் புது வேகமானிகள் வருகின்றன. அவை செயற்கைக்கோளைப் பார்த்துப் பேசுமாம். அவற்றுக்குச் சுருள்கம்பி கிடையாது, தளர்த்த எதுவுமில்லை. வந்திருக்கும் மாதிரியைப் பார்த்துவிட்டு, ஓட்டுநர்கள் ஒரு முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு வண்டியிலும் ஐம்பத்திரண்டில் சிவப்பாக ஒரு கோடு. அதை இழுக்கத் தன் நகப்பூச்சைத் தந்தவர் என் நடத்துநர் அம்மா. அந்தக் கோட்டை மதிப்போமா? தெரியாது. பழைய வேகமானியில், அறுபது இருக்கும் இடத்தில், மனசுக்குள்ளேயே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாட்கள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் உள்ளே நின்றேன். நேற்று, பிந்திவிட்டது என்ற அவசரத்தில், என்னை அறியாமல் தாண்டிவிட்டேன். இத்தனை காலம் எங்களுக்குப் பதிலாக நீங்கள் அடங்கியிருந்தீர்கள். இனி நாங்களே அடங்க வேண்டும், அண்ணா. அது எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

நினைவுப் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் தருகிறோம். அதை எட்டு நிமிடம் கூட்டி வைத்திருக்கிறோம். அண்ணியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டோம். "கொண்டு வாங்க, இவரும் கொஞ்சம் திண்டாடட்டும்" என்றார்கள். உங்களிடம் சொல்லிவிட்டோம் அல்லவா, இனி அது உங்களை ஏமாற்றாது. நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் மனம் தானாகவே எட்டைக் கழித்துவிடும், கழிக்காமல் இருக்க உங்களால் முடியாது. அப்போது எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு சாலையில் எங்களில் ஒருவன் சிவப்புக் கோட்டின் அருகே வந்து, சட்டம் இன்னும் எட்டு தருகிறதே என்று தெரிந்தும், அதை எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பான்.

பண்பின் உருவே, பாசத்தின் திருவே, எங்களைப் பத்தொன்பது ஆண்டுகள் ஏமாற்றிப் பிழைக்க வைத்த பெரியவரே! முதல் மடலில் 'நூறாண்டு வாழ்க' என்று எழுதியிருந்தோம். மீட்டர் அண்ணாவின் கணக்கில் நூறென்றால் நிஜத்தில் எட்டு குறையுமே என்று ராக்கெட், நான்கு நாள் மௌனத்தைக் கலைத்து, ஆட்சேபித்தார். அதனால் நூற்றெட்டு என்று திருத்தியிருக்கிறோம். கண்ணொளி குன்றாமல், கைவிரல் நடுங்காமல், அண்ணியோடும் பிள்ளைகளோடும் நலமாக வாழுங்கள். எப்போதாவது எங்கள் வண்டியில் ஏறினால் பின்வரிசைக்குப் போகாதீர்கள். முன்னால் வந்து, முள் தெரிகிற இருக்கையில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணிமனைத் தோழர்கள்

பணிமனைப் பதிவேட்டில் இன்றும் ஓட்டுநர்கள் நாற்பது பேர். இதுவரை முப்பத்தொன்பது பேர்தான் கையெழுத்திடுவோம். இந்த முறை வாயில் காவலர் எழுதுகோலை வாங்கி, ஓட்டுநர் வரிசையின் கீழே தம் பெயரை எழுதினார். இரண்டு முறை எண்ணிவிட்டோம், அண்ணா. நாற்பது சரியான எண்.